வண்டியை ஓட்டுபவரும் வண்டியை அனுப்புபவரும்



சாலையில் ஓடும் பஸ், லாரி, தண்டவாளத்தில் ஓடும் ரயில் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துத் தரைவழிப் போக்குவரத்து என்று சொல்கிறோம். அந்தத் துறையின் மேல்நிலை நிர்வாகிகளுக்கு எப்படிப் பயிற்சி தரப்படுகிறது என்பதுதான் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். "நாம் என்ன பஸ் கம்பெனி முதலாளிகளா? இது நமக்கு எதற்கு?" என்று யாராவது கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போவது பஸ்ஸில். கோயில் திருவிழாவுக்கு நாம் போவது வாடகைப் பஸ்ஸில். நம் வீட்டு ஆண்களில் எத்தனையோ பேர் லாரி ஓட்டுகிறார்கள். லாரி ஓட்டுவதற்குச் சரக்கு வாகன உரிமம் வேண்டும். பஸ் ஓட்டுவதற்குப் பொதுச்சேவை வாகன உரிமம் வேண்டும். அதற்கு வகுப்பு உண்டு, சோதனை உண்டு. ஓட்டுநரைச் சோதித்துத்தான் சாலைக்கு விடுகிறார்கள். ஆனால் அந்த ஓட்டுநரிடம், "இந்த வண்டியை எடு, இத்தனை மணிக்குள் போய்ச் சேர்" என்று அலுவலகத்தில் உட்கார்ந்து சொல்கிறாரே ஒருவர், அவர் எங்கே படித்தார்? அவரை யார் சோதித்தார்கள்?

இதைத் தோட்டத்துக் கணக்கிலேயே பார்ப்போம். நமக்குத் தெரிந்த கணக்கு அது.

செம்பனைக் குலையை வெட்டிக் கீழே தள்ளியதும் அதற்குள் ஒரு மாற்றம் தொடங்கிவிடுகிறது. அடிபட்ட பழத்தில் உள்ள நொதி, எண்ணெயைச் சிதைத்து அமிலமாக்குகிறது. அதனால்தான் வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய் நீராவியில் வேக வேண்டும் என்கிறார்கள். நீராவி பட்டால் நொதி செத்துவிடும். தாமதித்தால் அமிலம் ஏறும். பச்சை எண்ணெயில் அமிலம் 5 சதவீதத்தைத் தாண்டினால் வழக்கமான வாணிப ஒப்பந்தத்துக்கு அது பொருந்தாது. ரப்பர்ப் பாலுக்கும் இதே அவசரம் உண்டு என்பது பால் வெட்டிய பாட்டிமார்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பால் உறையும் முன் ஸ்டோருக்குப் போக வேண்டும். தூரம் அதிகமென்றால் அமோனியா கலக்க வேண்டும்.

சரி, ஒரு லாரி என்று வைத்துக்கொள்வோம். ஒரு நடைக்கு 10 டன் ஏற்றும். குலை ஏற்ற ஒரு மணி நேரம், ஆலைக்குப் போக அரை மணி, ஆலை வாசலில் வரிசையில் காத்திருந்து இறக்க இரண்டு மணி, திரும்பி வர அரை மணி. ஆக ஒரு நடைக்கு நான்கு மணி நேரம். எட்டு மணி நேர வேலையில் இரண்டு நடை, 20 டன். மேலே உள்ளவர், "இன்னொரு நடை வேண்டும், 30 டன் வர வேண்டும்" என்கிறார். பயிற்சி இல்லாத நிர்வாகி என்ன செய்வார்? ஓட்டுநரைக் கூப்பிட்டு, "கொஞ்சம் வேகமாக ஓட்டக்கூடாதா?" என்பார். பாவம், அந்த ஓட்டுநர் இரண்டு மடங்கு வேகத்தில் பறந்தாலும் என்ன மிச்சமாகும்? போக வர ஆகும் ஒரு மணி நேரத்தில் அரை மணிதான். மூன்று நடைக்குப் பத்தரை மணி நேரம் ஆகும். எட்டு மணி நேரத்துக்குள் அது அடங்காது. உயிரைப் பணயம் வைத்தும் வேலை முடியாது.

பயிற்சி பெற்ற நிர்வாகி ஓட்டுநரைப் பார்க்க மாட்டார், ஆலை வாசலைப் பார்ப்பார். இரண்டு மணி நேரம் ஏன் காத்திருக்கிறது? எல்லாத் தோட்டத்து லாரிகளும் ஒரே நேரத்தில் வந்து நிற்பதனால். தோட்டத்துக்கு ஒரு நேரம் என்று ஆலையோடு பேசி, காத்திருப்பதை அரை மணியாகக் குறைத்தால் ஒரு நடைக்கு இரண்டரை மணி நேரம். மூன்று நடைக்கு ஏழரை மணி நேரம். 30 டன் வந்துவிட்டது. ஓட்டுநர் சாப்பிட அரை மணியும் கிடைத்தது. வண்டி ஒரு மைல்கூட வேகம் கூட்டவில்லை. போக்குவரத்து நிர்வாகம் என்றால் இதுதான், நேயர்களே. பெரிய நகரத்தின் பஸ்களானாலும் நாடு முழுவதும் ஓடும் ரயிலானாலும் அடிப்படை இதுவே. கணக்கு மட்டும் பெரிதாகும்.

இந்தக் கணக்கைப் பள்ளிக்கூடம் வைத்துச் சொல்லித் தர வேண்டும் என்ற எண்ணம் உலகத்துக்கு எப்போது வந்தது? அதற்கு நம் லாபு வழியாகப் போகும் ரயில் பாதையையே ஆரம்பமாக வைத்துக்கொள்ளலாம்.

மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1-ஆம் தேதி தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே ஓடியது. அந்தப் பாதையைப் போட்டவர்கள் இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் படையினர். நம் மாநிலத்தில் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு 1891இல் பாதை வந்தது. 1903இல் வடக்கே பிறையிலிருந்து தெற்கே சிரம்பான் வரை தண்டவாளம் இணைந்துவிட்டது. காட்டை வெட்டியது, கட்டை சுமந்தது, சரளைக்கல் கொட்டியது என்று அடிமட்ட வேலையில் தமிழ்நாட்டுத் தமிழர்கள் நிறைந்திருந்தார்கள். நிலையத் தலைவர், கிராணி வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர்கள் இருந்தார்கள். 1901இல் ஐக்கிய மலாய் மாநிலங்களின் ரயில்வேக்குத் தலைமை மேலாளராக வந்த ஸ்பூனர் துரை அதற்கு முன் இலங்கையில் வேலை பார்த்தவர். அங்கே பழகிய ஆட்களை இங்கே கொண்டு வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் உச்சியில் இருந்தவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர்களே. வண்டிக்கு நேரம் குறிப்பவர், எந்த நிலையத்தில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்பவர், எத்தனை பெட்டி என்று தீர்மானிப்பவர் எல்லாம் துரைமார்கள். அவர்கள் வேலையைப் பார்த்துப் பார்த்துக் கற்றவர்கள். பக்கத்தில் நின்று பார்ப்பதற்குக்கூட நம்மவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கையால் செய்யும் வேலை பரம்பரை பரம்பரையாக நமக்கு வந்தது. திட்டமிடும் வேலை வரவில்லை.

முதல் உலகப் போர் முடிந்த பின் 1919இல் லண்டனில் போக்குவரத்துக் கழகம் ஒன்று அமைந்தது. போக்குவரத்து நிர்வாகம் ஒரு தனித் தொழில், அதற்குப் படிப்பும் தேர்வும் வேண்டும் என்பது அவர்கள் கட்சி. 1926இல் அதற்கு அரச பட்டயம் கிடைத்தது. இன்று அது தளவாடத் துறையையும் சேர்த்துக்கொண்டு பல நாடுகளில் இயங்குகிறது. மலேசியாவிலும் அதன் கிளை இருக்கிறது. இந்தியாவில் 1930இல் டேராடூனில் ரயில்வே அதிகாரிகளுக்கென்று ஒரு கல்லூரி தொடங்கினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1952இல் அது பரோடாவில், பிரதாப் விலாஸ் என்ற பழைய அரண்மனைக்கு வந்தது. அரண்மனையில் படிப்பு என்றதும் சொகுசாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். புதிதாகச் சேரும் அதிகாரியும் அங்கே வர வேண்டும். பல ஆண்டு வேலை பார்த்து உயர் பதவிக்குப் போகிறவரும் திரும்ப வந்து மாணவராக உட்கார வேண்டும். நரை விழுந்த பின்னும் பாடம் கேட்க வேண்டும் என்ற அந்த ஏற்பாடு நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இந்தியாவின் ரயில்வே அனுபவம் நம் மாநிலத்துக்கும் வந்து சேர்ந்ததுண்டு. சிரம்பானிலிருந்து கிம்மாஸ் வரை இரட்டைப் பாதையும் மின்கம்பியும் போட்ட வேலையை 2008இல் தொடங்கி 2013இல் முடித்துக் கொடுத்தது, இந்திய அரசின் இர்கான் நிறுவனம்.

பஸ் விஷயத்தில் தமிழ்நாட்டைப் பார்ப்பது நல்லது. ஒரு காலத்தில் மதுரைப் பக்கத்தில் டி.வி.எஸ். பஸ் வரும் நேரத்தை வைத்துக் கடிகாரத்தைத் திருத்திக் கொள்வார்கள் என்று அங்கிருந்து வந்த பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1970களின் தொடக்கத்தில் அரசாங்கம் தனியார் பஸ்களை எடுத்துக்கொண்டது. 1972இல் சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன் என்று கழகங்கள் பிறந்தன. (1997இல் அந்தப் பெயர்களெல்லாம் போய், பெரும்பாலான கழகங்களுக்குத் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற பெயர் வந்தது. அது வேறு கதை.) ஆயிரக்கணக்கான பஸ்கள் ஒரே நேரத்தில் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. ஓட்டுநர்களும் நடத்துநர்களும் பழைய ஆட்களே. ஆனால் அவற்றை நடத்த அதிகாரிகள் எங்கே? முதலாளியின் கண் ஐம்பது பஸ்ஸைப் பார்க்கும். ஆயிரம் பஸ்ஸைப் பார்க்காது. அதற்குக் கணக்கும் முறையும் வேண்டும். 1967இலேயே மத்திய அரசும் மாநிலப் பஸ் கழகங்களும் சேர்ந்து புனே நகரில் சாலைப் போக்குவரத்து மத்தியப் பயிற்சிக் கழகத்தை அமைத்திருந்தன. தமிழ்நாடு அரசு 1976இல் சென்னை தரமணியில் தன்னுடைய சாலைப் போக்குவரத்து நிறுவனத்தைத் தொடங்கியது. கனரக வாகன ஓட்டுநர்களுக்குக் கும்மிடிப்பூண்டியில் அதன் பயிற்சிப் பள்ளி இருக்கிறது.

அங்கெல்லாம் நிர்வாகிகளுக்கு என்ன சொல்லித் தருகிறார்கள்? ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர், நூறு வண்டியில் எத்தனை வண்டி இன்று சாலையில் ஓடியது, எத்தனை இருக்கை நிரம்பியது, ஒரு டயர் எவ்வளவு நாள் உழைத்தது என்றெல்லாம் எண்ணிப் பார்க்கக் கற்றுத் தருகிறார்கள். எண்ணினால்தான் எது கெட்டிருக்கிறது என்று தெரியும். வேலை நேரச் சட்டமும் பாடத்தில் உண்டு. 1961ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்தது ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், ஐந்து மணி நேர வேலைக்குள் குறைந்தது அரை மணி ஓய்வு. சட்டம் தாளில் இருக்கலாம். நேர அட்டவணையை எழுதுகிறவர் அதைப் படித்திருக்காவிட்டால் ஓட்டுநருக்கு ஓய்வு கிடைக்காது.

மேலே உள்ளவர்களின் பயிற்சி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். வருத்தமான செய்திதான். ஆனாலும் கேட்க வேண்டும்.

2005 ஏப்ரல் 25-ஆம் தேதி காலை, ஒசாக்காவுக்குப் பக்கத்தில் அமகசாக்கி என்ற இடத்தில் பயணிகள் ரயில் ஒன்று வளைவில் தடம் புரண்டு ஓர் அடுக்குமாடி வீட்டின் மீது மோதியது. ஓட்டுநரோடு சேர்த்து 107 பேர் மாண்டார்கள். 500 பேருக்கு மேல் காயமடைந்தார்கள். மணிக்கு 70 கிலோமீட்டரில் போக வேண்டிய வளைவில் வண்டி ஏறத்தாழ 116 கிலோமீட்டர் வேகத்தில் வந்தது. ஓட்டுநருக்கு வயது 23. ஓட்டத் தொடங்கி ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. முந்திய நிலையத்தில் வண்டியை நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டி நிறுத்திவிட்டார். பின்னுக்கு எடுத்து ஆட்களை ஏற்றியதில் ஒன்றரை நிமிடம் போலத் தாமதமாகிவிட்டது.

ஒன்றரை நிமிடம்! நம்மூரில் அதைத் தாமதம் என்றே சொல்ல மாட்டோம். அந்தக் கம்பெனியில் அப்படியில்லை. அட்டவணையில் விநாடிக் கணக்கில் இடைவெளியைக் குறைத்து வைத்திருந்தார்கள். தவறு செய்த ஓட்டுநரைப் பகல்நேரப் பயிற்சி என்று சொல்லி, வேலையிலிருந்து இறக்கி, பக்கம் பக்கமாகத் தன் தவற்றைப் பற்றி எழுதச் சொல்வார்கள். எல்லார் எதிரிலும் கடிந்துகொள்வார்கள். பெயர் பயிற்சி, நடந்தது தண்டனை. இந்த இளைஞர் ஏற்கெனவே ஒருமுறை அதை அனுபவித்தவர். விபத்துக்கு முந்திய கடைசி நிமிடத்தில், அவர் பின்பெட்டிக் காவலர் கட்டுப்பாட்டு அறைக்கு வானொலியில் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பதைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தார், அதனால் பிரேக் போடத் தாமதித்தார் என்பது 2007இல் வெளிவந்த அரசாங்க விசாரணை அறிக்கையின் கருத்து. வளைவில் வேகத்தைத் தானாகக் குறைக்கும் புதிய கருவியும் அந்த இடத்தில் பொருத்தப்படவில்லை. கருவிக்குப் பணம் ஒதுக்குவது யார்? அட்டவணையை இறுக்குவது யார்? பயிற்சி என்ற பெயரில் பயத்தை வளர்த்தது யார்? இவற்றுள் ஒன்றும் அந்த 23 வயது இளைஞர் செய்தது அல்ல.

நம் நாட்டுக்கு வருவோம். 2013 ஆகஸ்ட் 21-ஆம் தேதி கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பஸ் பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தார்கள். 2025 ஜூன் 9-ஆம் தேதி விடியற்காலையில், கிரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பஸ் கவிழ்ந்து, தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் 15 பேர் மாண்டார்கள். ஆசிரியராக வேண்டிய பிள்ளைகள். விபத்து நடந்ததும் நம் கடைத்தெருவில் முதலில் எழும் பேச்சு, "ஓட்டுநர் தூங்கிவிட்டானா? வேகமாக ஓட்டினானா?" என்பதுதான். வேகம் குற்றமே, அதை மறுக்கவில்லை. ஆனால் கிரிக் விபத்துக்குப் பின் விசாரித்தபோது, அனுமதியைப் பெற்றவர் ஒருவர், பஸ்ஸை நடத்தியவர் வேறொருவர், அனுமதி வாடகைக்கு விடப்பட்டிருந்தது என்ற செய்தியும் வெளிவந்தது. அப்படியானால் அந்தப் பஸ்ஸின் பிரேக்கைப் பார்க்க வேண்டிய மேலாளர் யார் என்று கேட்டால் விரல் எந்தப் பக்கம் நீட்டுவது?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2009இல் ஓர் ஒழுங்குவிதி செய்தார்கள். 2011 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பஸ், லாரி கம்பெனி நடத்த வேண்டுமானால் போக்குவரத்து மேலாளர் என்று ஒருவரைப் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும். அவர் தேர்வு எழுதித் தேறியவராக இருக்க வேண்டும். வேலை நேரச் சட்டம், வண்டிப் பராமரிப்பு, கணக்கு வழக்கு, சாலைப் பாதுகாப்பு எல்லாம் அந்தத் தேர்வில் உண்டு. கம்பெனி பெரிய குற்றம் செய்தால் அந்த ஆளின் தகுதியே பறிபோகும். பொறுப்புக்கு ஒரு முகம் கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டிலும் இப்படி ஓர் ஏற்பாடு வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஓட்டுநருக்கு உரிமம் கேட்கும் நாடு, ஓட்டுநரை அனுப்புகிறவருக்கும் உரிமம் கேட்கலாம்.

லாபுவைப் பற்றி இன்னொரு செய்தி. 2009 ஜனவரியில் நம் லாபுவில் ஒரு விமான நிலையம் வரப்போகிறது என்ற பேச்சு நாடெங்கும் அடிபட்டது உங்களுக்கு நினைவிருக்கும். மலிவு விலை விமானங்களுக்காக, ஏர் ஆசியாவும் சைம் டார்பியும் சேர்ந்து, 160 கோடி ரிங்கிட் செலவில் என்றார்கள். அந்த மாதமே அது கைவிடப்பட்டது. பதிலாக சிப்பாங்கில் இரண்டாவது முனையம் எழுந்து 2014 மே மாதம் திறக்கப்பட்டது. அப்போது நடந்த விவாதத்தில் விமானத்தைவிடத் தரையைப் பற்றிய பேச்சு கவனிக்கத்தக்கது: பழைய விமான நிலையத்தில் இறங்குகிறவர் புதியதற்கு எப்படிப் போய்ச் சேருவார், பெட்டியை யார் கொண்டு போவது, எந்த ரயில், எந்தச் சாலை? ஆகாயத்தில் பறப்பவருக்கும் கடைசியில் தரைவழிக் கணக்குத்தான் தேவைப்படுகிறது.

நல்ல ஏற்பாட்டுக்கும் ஓர் உதாரணம் சொல்லாவிட்டால் நியாயமாகாது. 1995இல் வந்த கொமுட்டர் ரயிலில் இப்போது லாபுவில் ஏறினால் வண்டி மாறாமல் பத்துமலைக்கே போய் இறங்கலாம். தைப்பூசத்தின்போது இரவும் பகலும் வண்டி விடுகிறார்கள். அதற்காகப் புதிய ரயில் வாங்கி வைப்பதில்லை. இருக்கும் வண்டிகளைப் பழுது பார்த்துத் தயாராக வைப்பது, ஓட்டுநர்களின் முறையை மாற்றி எழுதுவது, கூட்டம் நெருக்காமல் மேடையில் ஆட்களை நிறுத்துவது என்று முன்கூட்டியே உட்கார்ந்து எழுதிய திட்டம் அது. காவடியோடு இறங்கும் பக்தருக்கு அந்தத் தாள் தெரிவதில்லை. தெரியாமல் இருப்பதே அந்த நிர்வாகிக்குப் பெருமை.

அடுத்த முறை கோயிலுக்கோ பள்ளிச் சுற்றுலாவுக்கோ பஸ் பேசும்போது, வாடகையை மட்டும் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். பஸ்ஸின் அனுமதி யார் பெயரில் இருக்கிறது, கடைசியாகச் சோதனைக்குப் போனது எப்போது, ஓட்டுநர் அதற்கு முந்திய இரவு வேறு நடை போயிருந்தாரா, நீண்ட பயணமென்றால் இரண்டாவது ஓட்டுநர் உண்டா என்று கோயில் செயலவையினர் கேட்க வேண்டும். நேரே பதில் சொல்லுகிற கம்பெனியில் யாரோ ஒருவர் வேலை கற்றவர் இருக்கிறார் என்று பொருள். எரிந்து விழுந்தால் வேறு பஸ் பாருங்கள். ஐம்பது ரிங்கிட் கூடப் போனாலும் போகட்டும்.

பிள்ளைகள் விஷயத்துக்கும் வருகிறோம். லாரி ஓட்டும் தகப்பனின் மகனோ மகளோ இந்த நிர்வாகப் படிப்புக்குப் போகலாம். வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே பாதிப் பாடம் கிடைத்துவிடுகிறது அல்லவா? எஸ்.பி.எம். முடித்தவர்களுக்குப் பாலிடெக்னிக்குகளில் தளவாடத் துறை டிப்ளமா இருக்கிறது. கெடாவில் சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்து, தளவாடப் பட்டப்படிப்பு இருக்கிறது. ஏற்கெனவே வேலையில் இருக்கிறவர்கள், முன்பு சொன்ன பட்டயக் கழகத்தின் சான்றிதழ், டிப்ளமா, உயர் டிப்ளமா என்று படிப்படியாக எழுதலாம். கணக்கும் ஆங்கிலமும் கொஞ்சம் வலுவாக இருக்க வேண்டும். சேர்க்கை நிபந்தனைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே எஸ்.பி.எம். முடிவு வரும் வரை காத்திராமல், நான்காம் படிவத்திலேயே பள்ளியின் ஆலோசக ஆசிரியரைப் பெற்றோர் நேரில் போய்ப் பார்த்து, எந்தப் பாடங்கள் வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.